மில்லிசீவர்ட் கணக்கு

மதுரையில் கொஞ்சம் பெரிய மருத்துவமனை எதிலும் எக்ஸ்-ரே எடுப்பவரின் மார்புப் பக்கம் ஒரு சிறிய பிளாஸ்டிக் பேட்ஜ் குத்தியிருக்கும். வரிசையில் நிற்கிறவர்கள் அதை அடையாள அட்டை என்று நினைத்துக்கொள்வார்கள். அதில் படம் கிடையாது. உள்ளே, டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட்டால் செய்த மூன்று சிறு வில்லைகள் இருக்கின்றன. கதிர்வீச்சு படும்போதெல்லாம் அந்த உப்பின் படிகங்களுக்குள் சில எலெக்ட்ரான்கள் இடம்பெயர்ந்து சிக்கிக்கொள்ளும். குறித்த காலம் முடிந்ததும் பேட்ஜை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே வில்லையைச் சூடேற்றினால் சிக்கியவை விடுபட்டு மெல்லிய ஒளியாக வெளிப்படும். அந்த ஒளியை அளந்தால், பேட்ஜ் போட்டிருந்தவர் எவ்வளவு கதிர்வீச்சு வாங்கினார் என்று தெரிந்துவிடும்.

டிஎல்டி பேட்ஜ் என்று சொல்லப்படும் இதே சாதனத்தைத்தான் கூடங்குளத்திலும் கல்பாக்கத்திலும் அணுஉலைக் கட்டடத்துக்குள் போகிற ஒவ்வொருவரும் அணிகிறார்கள். முதுநிலைப் பொறியாளருக்கும் அதுதான், வால்வைக் கழற்றப் போகும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதுதான். அதிலிருந்து கிடைக்கும் எண் மில்லிசீவர்ட் என்ற அலகில் எழுதப்படுகிறது. கூடங்குளத்தைப் பற்றித் தமிழ்நாடு முப்பது ஆண்டுக்கும் மேலாகப் பேசியிருக்கிறது. அந்தப் பேச்சில் இந்த அலகு எத்தனை முறை வந்திருக்கும் என்று யோசித்தால், மிகக் குறைவு.

மதுரைக்குக் கூடங்குளம் ஒரு மின்சுவிட்ச் வழியாகத்தான் அறிமுகமானது. 2012-இன் கடைசி மாதங்களை இந்த ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்டு இருக்காது. சில நாள் அதற்கும் மேல். கப்பலூர் தொழிற்பேட்டை ஜெனரேட்டரை நம்பி ஓடியது. செல்லூரில் தறிகள் நின்று நின்று ஓடின. மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் பம்புசெட்டுக்கு மூன்று பேஸ் கரண்டு எப்போது வரும் என்று ராத்திரி விழித்துக் காத்திருந்தார்கள். கூடங்குளத்தைத் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது டீக்கடை முதல் வணிகர் சங்கக் கூட்டம் வரை எல்லா இடத்திலும் கேட்ட பேச்சு. அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று, வான்வழியில் இங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தெற்கே, உலையை எதிர்த்து இடிந்தகரைக் கடற்கரையில் கூடியிருந்த மக்கள் மீது காவல்துறை தடியடி நடத்தியது; கண்ணீர்ப் புகைக்குண்டு வீசியது. மணப்பாட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஒரு மீனவர் இறந்தார்.

இரு பக்கமும் அப்போது பேசிய மொழியை இன்று திரும்பிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. 2011 நவம்பரில் அப்துல் கலாம் அணுமின் நிலையத்தைப் பார்வையிட்டுவிட்டு, பாதுகாப்பில் தனக்கு முழுத் திருப்தி என்றார். மறுபக்கம், புல் பூண்டு முளைக்காது, பிறக்கும் குழந்தை ஊனமாகப் பிறக்கும் என்ற பேச்சு. ஒருவர் பூஜ்ஜியம் என்றார், மற்றவர் முடிவிலி என்றார். இடையில் ஒரு எண்ணை வைத்துப் பேச யாருமில்லை.

எண்ணை மதுரை மண்ணிலிருந்தே தொடங்கலாம். பூமியில் வாழும் ஒரு சராசரி மனிதர் இயற்கையிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு வாங்குகிறார். வானிலிருந்து வரும் அண்டக் கதிர், தரையிலிருந்து கசியும் ரேடான் வாயு, பாறை, சாப்பாடு எல்லாம் இதில் சேர்த்தி. மதுரைச் சுற்றுவட்டாரம் பழம்பாறை நிலம். மேலூர் குவாரிகளிலிருந்து உலகமெங்கும் போகிற கிரானைட் போன்ற பாறையில், டன்னுக்குச் சில கிராம் யுரேனியமும் பத்திருபது கிராம் தோரியமும் இருப்பது வழக்கம். வீட்டுத் தளத்திலும் கோயில் பிராகாரத்திலும் கால் வைக்கும்போதெல்லாம் அவை சிதைந்துகொண்டுதான் இருக்கின்றன. நம் உடம்பே கூட அப்படித்தான். வாழைப்பழம், பனங்கிழங்கு, கீரை என்று பொட்டாசியம் எதில் இருந்தாலும், அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றே மேல் கதிரியக்கம் உள்ள பொட்டாசியம்-40. வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஒவ்வொரு நொடியும் சுமார் 4,000 பொட்டாசியம் அணுக்கள் சிதைகின்றன. மார்பு சி.டி. ஸ்கேன் ஒன்றுக்குச் சில மில்லிசீவர்ட் ஆகும். அணுமின் நிலையத்தால் வெளியில் உள்ள பொதுமக்களுக்குச் சேரக்கூடிய வரம்பு, இயற்கையில் வருவது போக, ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். உள்ளே வேலை செய்பவருக்கு ஐந்தாண்டில் மொத்தம் 100, எந்த ஓர் ஆண்டிலும் 30-க்கு மேல் போகக்கூடாது.

இந்த எண்களைக் கேட்டதும், அப்படியானால் பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் வழக்கமாகக் காட்டும் சான்று கேரளத்தின் கருநாகப்பள்ளி. நம் மணவாளக்குறிச்சியைப் போலவே அங்கும் கடற்கரை மணலில் தோரியம் கொண்ட மோனசைட் கிடக்கிறது. சில இடங்களில் இயற்கைக் கதிர்வீச்சு உலகச் சராசரியைப் போலப் பல மடங்கு. 1990-இல் அங்கே புற்றுநோய்ப் பதிவேடு ஒன்றைத் தொடங்கி, கிட்டத்தட்ட 70,000 பேரைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். 2009-இல் வெளியான முடிவு, மணலிலிருந்து வரும் காமாக் கதிரால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்பது.

சான்று சரியானதுதான். ஆனால் அதோடு இன்னொன்றையும் படிக்க வேண்டும். பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்று நாட்டு அணுசக்தித் தொழிலாளர்கள் மூன்று லட்சம் பேரை, அவர்கள் அணிந்த பேட்ஜ்களின் எண்களைக் கொண்டே ஆராய்ந்த இன்வொர்க்ஸ் ஆய்வு 2015-லும் 2023-லும் முடிவுகளை வெளியிட்டது. சிறுகச் சிறுக, ஆண்டுக்கணக்கில் வாங்கிய குறைந்த அளவுக் கதிர்வீச்சும் புற்றுநோய் மரணத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது என்பது அதன் முடிவு. ஒரு ஆய்வை மட்டும் பையில் வைத்துக்கொண்டு மேடை ஏறுவது இரு தரப்புக்கும் வசதி.

சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் கைக்கொள்ளும் தோராயம், ஒரு சீவர்ட்டுக்கு ஏறக்குறைய 5 சதவீத அபாயம். ஆயிரம் தொழிலாளர்கள் ஆளுக்கு 20 மில்லிசீவர்ட் வாங்கினால், அவர்களில் ஒருவர் அதனால் புற்றுநோய் வந்து இறக்கலாம் என்று இதற்குப் பொருள். அந்த ஆயிரம் பேரில் வேறு காரணங்களால் புற்றுநோயில் இறப்பவர்கள் எப்படியும் பல பத்துப் பேர் இருப்பார்கள். அவர்களுக்கு நடுவே இந்த ஒருவர் யார்? எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. கதிர்வீச்சால் வந்த கட்டிக்கும் தானாக வந்த கட்டிக்கும் நுண்ணோக்கியில் வேறுபாடு தெரியாது. தறியில் கை மாட்டியவனின் காயம் தானே சாட்சி சொல்லும். அணுஉலைத் தொழிலாளிக்குப் பதிவேட்டில் உள்ள எண்ணைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஆகவே அந்த எண்ணை யார் எழுதுகிறார்கள், யார் வைத்திருக்கிறார்கள், கேட்டால் கொடுக்கிறார்களா என்பவை இயற்பியலுக்குச் சற்றும் குறையாத கேள்விகள்.

எண் எங்கே ஏறுகிறது என்று பார்க்க உலைக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும். கூடங்குளத்தில் இருப்பவை ரஷ்ய வடிவமைப்பிலான விவிஇஆர் உலைகள். ஒன்று 1,000 மெகாவாட் மின்சாரத்துக்கு 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. உலைக்கலனுக்குள் 163 அறுகோண எரிபொருள் கட்டுகள். அவற்றின் ஊடே ஓடும் தண்ணீர் 320 டிகிரி வரை சூடாகியும் கொதிப்பதில்லை, காரணம் வளிமண்டலத்தைப் போல 150 மடங்குக்கும் மேலான அழுத்தம். இந்தத் தண்ணீர் தன் சூட்டைக் குழாய்ச் சுவர் வழியாக இரண்டாவது சுற்றுத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடும். நீராவியாகி டர்பைனைச் சுழற்றுவது அந்த இரண்டாவது தண்ணீர். அதைக் குளிரவைத்து மறுபடி நீராக்குவது மூன்றாவது சுற்று, கடல்நீர். மூன்றும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. மீனவர்கள் கண்ணால் பார்ப்பது மூன்றாவதை மட்டுமே. சூடேறிக் கடலுக்குத் திரும்பும் அந்த வெந்நீர் மீன் கூட்டத்தைக் கலைக்குமே என்ற அவர்களுடைய கவலை வேறு கணக்கு.

உலை ஓடும்போது முதல் சுற்றின் அருகில் யாரும் போவதில்லை. தொழிலாளி டோஸ் வாங்குவது பெரும்பாலும் உலையை நிறுத்திவைத்திருக்கும் நாட்களில்தான். குழாய்களின் உட்சுவரிலிருந்து நுண்துகளாக அரித்து வந்த உலோகம் உலைக்குள் சுற்றிவரும்போது கோபால்ட்-60 போன்ற கதிரியக்கப் பொருளாகி, திரும்பவும் குழாய்களிலும் வால்வுகளிலும் படிந்துவிடுகிறது. எரிபொருள் மாற்றவும் பராமரிக்கவும் உலையை நிறுத்தித் திறக்கும்போது அதன் பக்கத்தில் ஆள் நின்றாக வேண்டும். சாரம் கட்டுவது, வெப்பக்காப்புப் போர்வையைப் பிரிப்பது, துடைப்பது, போல்ட்டைத் தளர்த்துவது என்று அந்த வேலைகள் விஞ்ஞானி செய்கிற வேலைகள் இல்லை. உலகெங்கும் அவற்றைப் பெருமளவு செய்வது ஒப்பந்தத் தொழிலாளர்கள். இன்று இந்த உலை, அடுத்த மாதம் வேறு மாநிலத்தில் வேறு வேலை என்று போய்விடுகிறவர்கள். இருபது வருஷம் கழித்து நோய் வந்தால், பேட்ஜ் கொடுத்த ஒப்பந்ததாரரின் பெயர்கூட நினைவிருக்காது. பேட்ஜ் எண்களைச் சேர்த்துவைக்கும் தேசியப் பதிவேடு ஒன்று பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் இருக்கிறது, நல்ல ஏற்பாடு. அது தொழிலாளியின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டியது.

எல்லா ஆபத்தும் கதிர்வீச்சாக வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2014 மே 14 அன்று கூடங்குளம் முதல் உலையின் டர்பைன் பகுதியில் பராமரிப்பு வேலையின்போது வெந்நீர் கொட்டி ஆறு பேர் காயமடைந்தார்கள்; மூவர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அதில் கதிரியக்கமே இல்லை. எந்த அனல்மின் நிலையத்திலும் நடக்கக்கூடியது. ஆனால் கல்பாக்கத்தில் 2003 ஜனவரி 21 அன்று நடந்தது வேறு மாதிரி. அது மின்நிலையம் கூட இல்லை, எரிந்த எரிபொருளைப் பிரித்தெடுக்கும் மறுபதப்படுத்தும் ஆலை. ஒரு வால்வு பழுதாகி, வீரியம் மிகுந்த கழிவு வரக்கூடாத தொட்டிக்குள் வந்துவிட்டது. மாதிரி எடுக்கப் போன ஆறு தொழிலாளர்கள் ஆண்டு வரம்பைப் பல மடங்கு தாண்டிய டோஸ் வாங்கினார்கள். அந்த இடத்தில் எச்சரிக்கை மணி அடிக்கும் கருவி இருக்கவில்லை. தொழிலாளர் சங்கம் குரல் எழுப்பி, பத்திரிகைகளுக்குச் செய்தி எட்டி, நிர்வாகம் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள மாதங்கள் பிடித்தன.

ஊர்க்காரர்களின் பயத்துக்கு ஒரு பெயர் உண்டு: 2011 மார்ச் 11, புகுஷிமா. அதன் இயற்பியல் எளிது, அதனாலேயே பயங்கரமானது. கட்டுப்பாட்டுக் கழிகளை இறக்கி அணுப்பிளவை நொடியில் நிறுத்திவிடலாம். ஆனால் ஏற்கனவே பிளந்து உண்டான பொருட்கள் சிதைவதை யாராலும் நிறுத்த முடியாது. நிறுத்திய கணத்தில் உலை தன் வெப்பத்தில் 6, 7 சதவீதத்தை வெளியிட்டுக்கொண்டிருக்கும். கூடங்குளம் அளவு உலைக்கு அது 200 மெகாவாட் வெப்பம். ஒரு நாள் கழித்தும் 15 மெகாவாட் பக்கம் மீதி இருக்கும். அதை ஆற்றத் தண்ணீர் ஓட வேண்டும், தண்ணீர் ஓட மின்சாரம் வேண்டும். சுனாமி புகுஷிமாவின் டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தபோது அறுந்தது அந்தச் சங்கிலி. கூடங்குளம் உலைகளில் பம்பே இல்லாமல், வெளிக்காற்றின் இயல்பான ஓட்டத்தாலேயே இந்த எஞ்சிய வெப்பத்தை ஆற்றும் ஏற்பாடு இருக்கிறது. உலை உருகினால் தாங்கிப் பிடிக்க அடியில் ஒரு கலனும் உண்டு. இவை புகுஷிமாவில் இல்லாதவை. போராட்டக்காரர்கள் பேச்சில் இவை அதிகம் வரவில்லை. அரசுத் தரப்போ இவற்றையே சொல்லி, மீதிக் கேள்விகளுக்கு இதுவே பதில் என்று இருந்துவிட்டது.

மீதிக் கேள்விகள் நியாயமானவை. விபத்து நேர்ந்தால் 16 கிலோமீட்டர் ஆரத்துக்கு அவசரத் திட்டம் இருக்க வேண்டும்: எந்தச் சாலை வழியாக வெளியேறுவது, காற்று எந்தப் பக்கம் வீசினால் யார் முதலில் கிளம்புவது, அயோடின் மாத்திரை எங்கே கிடைக்கும். அயோடின் மாத்திரை எல்லாக் கதிர்வீச்சுக்கும் மருந்து என்று ஒரு தவறான எண்ணம் உண்டு. அது தைராய்டு சுரப்பியைச் சாதாரண அயோடினால் முன்கூட்டியே நிரப்பிவிடும். பிறகு வரும் கதிரியக்க அயோடினுக்கு அங்கே இடமிருக்காது. உரிய நேரத்தில் விழுங்கினால்தான் பலன். 2012 ஜூனில் நக்கநேரி என்ற சிற்றூரில் ஒரு ஒத்திகை நடத்தினார்கள். அந்த வட்டத்துக்குள் வாழும் மக்கள் தொகையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய ஒத்திகை.

அதே 2012 ஏப்ரலில், நிலையத்தின் பாதுகாப்பு ஆய்வறிக்கையையும் இட மதிப்பீட்டு அறிக்கையையும் கேட்டுப் போராட்டக் குழுவின் சுப. உதயகுமார் தகவல் உரிமைச் சட்டத்தில் போட்ட மனுவை ஏற்று, அவற்றை வெளியிடச் சொன்னது மத்தியத் தகவல் ஆணையம். அணுமின் கழகம் அதை எதிர்த்து நீதிமன்றம் போனது. ஆகஸ்டில், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குப் போதிய சுதந்திரம் இல்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் எழுதினார். மதுரையில் நாம் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஆண்டில் இடிந்தகரைக்காரர்கள் கேட்டது காகிதம். நம்புங்கள் என்று பதில் வந்தது.

முதல் உலை 2013 ஜூலை 13 அன்று அணுப்பிளவுத் தொடர்வினையைத் தொடங்கி, அக்டோபர் 22 அன்று மின்தொகுப்போடு இணைந்தது. இரண்டாவது 2016-இல். முதல் இரண்டின் 2,000 மெகாவாட்டில் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கீடு 925. மீதி கர்நாடகம், கேரளம், புதுச்சேரி, மத்தியத் தொகுப்பு. திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் நினைத்த அளவுக்கு அது பெரிய எண் இல்லை. இப்போது தெற்கே கமுதியில் ஒரே இடத்தில் 648 மெகாவாட் சூரியமின் பலகைகள் நிற்கின்றன. இரவில் அவை உறங்கும், அணுஉலை உறங்காது என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது என்பது வேறு விஷயம்.

கூடங்குளத்திலிருந்து மதுரைக்கு மின்சாரத்தோடு இன்னொன்றும் வந்துகொண்டிருக்கிறது. அணுப்பிளவில் பிறக்கும் நியூட்ரினோக்கள். இரண்டு உலைகளும் முழுத் திறனில் ஓடினால் நொடிக்குச் சுமார் 1.2 கோடி கோடி கோடி கிளம்பும். 200 கிலோமீட்டர் தள்ளி, மதுரையில் நிற்கும் ஒருவரின் கட்டைவிரல் நகம் அளவு பரப்பை ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 2.4 லட்சம் கடந்துபோகும். கான்கிரீட்டோ மலையோ அவற்றைத் தடுக்காது. நமக்கு ஒன்றும் ஆவதும் இல்லை, ஏனென்றால் அவை எதோடும் மோதுவதே அபூர்வம். சூரியனிலிருந்து வருபவை இதைப் போல இரண்டரை லட்சம் மடங்குக்கும் மேல். நியூட்ரினோ இருப்பதை மனிதன் முதன்முதலில் உறுதிசெய்ததும் ஓர் அணுஉலைக்குப் பக்கத்தில்தான், 1956-இல் அமெரிக்காவின் சவானா ரிவரில். மதுரையில் தற்காலிக வளாகமொன்றில் 85 டன் இரும்பு அடுக்குகளைக் கொண்ட சிறு உணர்கருவி 2018 முதல் வானத்துத் துகள்களைப் பதிவுசெய்தது; தேனி பொட்டிபுரம் மலைக்கடியில் வரவிருந்த பெரிய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு முன்னோட்டம். எதையும் உமிழாத அந்தக் கருவியின் பெயரால் தேனி, மதுரை வட்டாரத்தில் பரவிய பயம், மலையைக் குடைந்து அணுக்கழிவைப் புதைக்கப்போகிறார்கள் என்பது. நியூட்ரினோவைப் பொறுத்தவரை பயம் தவறு. ஆனால் கழிவு எங்கே போகும் என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்டதில் தவறே இல்லை.

1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, கூடங்குளத்தில் எரிந்த எரிபொருள் சோவியத் நாட்டுக்கே திரும்பிப் போக வேண்டும். சோவியத் நாடு போய்விட்டது. 1998-இல் மாற்றி எழுதிய ஏற்பாட்டில் அது இந்தியாவிலேயே இருக்கும் என்றானது. எரிந்த கட்டுகள் இப்போது உலைக் கட்டடத்துக்குள்ளேயே, ஆழமான தண்ணீர்த் தொட்டியில் நிற்கின்றன. தண்ணீர் சூட்டையும் ஆற்றும், கதிரையும் தடுக்கும். அவற்றுள் இருக்கும் சீசியம்-137 பாதியாகக் குறைய 30 ஆண்டு. புளூட்டோனியம்-239 பாதியாகக் குறைய 24,000 ஆண்டு. கீழடி மண்ணடுக்குகளின் வயதைப் போல ஒன்பது மடங்கு.

உலைக்கு வெளியே தனிச் சேமிப்பிடம் ஒன்றை ஐந்தாண்டுக்குள் கட்ட வேண்டும் என்ற பேச்சு 2013 மே 6 உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு வந்தது. 2018-இல் அவகாசம் 2022 வரை நீட்டிக்கப்பட்டது. அந்தச் சேமிப்பிடம் பற்றிக் கருத்துக் கேட்க 2019 ஜூலை 10 அன்று ராதாபுரத்தில் கூட்டம் என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் தள்ளிவைத்தார்கள். இதற்கிடையில் மூன்று முதல் ஆறு வரையிலான உலைகளுக்கும் கான்கிரீட் போட்டுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. ஆறும் ஓடும் நாளில் அந்த வளாகத்தில் எரிந்த கட்டுகளுக்கான தொட்டிகளும் ஆறாக இருக்கும். ஒவ்வொன்றிலும் எத்தனை கட்டு, எப்போது வைத்தது, பக்கத்து ஊரில் அந்த மாதம் அளந்த மில்லிசீவர்ட் எவ்வளவு என்று ராதாபுரம் தாலுகாவின் ஊராட்சி அலுவலகச் சுவர்களில் தமிழில் ஒரு தாள் ஒட்டுவதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படாது.